செத்தவர் ஓட்டிய லாரி

கரிப்புகையில் ஓடிய பஸ்ஸை நீங்களும் தள்ளியிருப்பீர்கள். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடுமே, அதுதான். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பஸ் தள்ளிய பெருமையைப் பேசாமல் எழுந்திருப்பதில்லை. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடம் அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருக்கிறது. ஊரே கூடிக் கருமாதி செய்து முடித்த ஒரு மனிதர், அந்த பஸ்ஸில் இருந்து பையோடு இறங்கி எங்கள் வாசலுக்கு நடந்து வந்ததைப் பார்த்தவள் நான். அவர் என் அப்பா.

பேய்க்கதை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். இது ஒரு வேளைச் சோற்றுக்கும் ஒரு கூரைக்கும் அலைந்தவரின் கதை. அலைய விட்டவர்கள் கெட்டவர்கள் என்று சின்ன வயதில் நினைத்தேன். இப்போது அப்படி ஒரேயடியாகச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில். மஞ்சளும் கடலையும் விளைகிற கிணற்றுத் தோட்டம். பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வீடு, ஒரே உலை. அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்தபோது எனக்கு விவரம் தெரியாது. பர்மாவுக்குப் போனார் என்று சொல்வார்கள். பர்மா என்பது சேலத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரோடு போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஆற்றைக் கடக்கும்போது படகு கவிழ்ந்தது, உங்கள் ஆளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. ஒரு வருசம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. சின்ன அத்தைக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஊர்ப் பெரியவர் வந்து, "ஊட்டுல ஒரு உசுரு அந்தரத்துல தொங்குது. அதுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம பந்தல் போடலாமுங்களா?" என்று கேட்டார். பெரியப்பா சரி என்று தலையாட்டினார்.

வைக்கோலில் ஓர் ஆள் செய்தார்கள். அப்பாவின் சட்டையை அதற்குப் போட்டார்கள். பெரியப்பா மொட்டை போட்டு, அழுதுகொண்டே தன் கையால் நெருப்பு வைத்தார். அன்று மாலை பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வளையல் உடைபடுகிற சத்தம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமன் கொண்டுவந்த வெள்ளைக் கோடியைக் கட்டிக்கொண்டு அம்மா எழுந்து வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அத்தை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அந்த வருசம் மழையும் கொட்டியது. செய்ய வேண்டியதைச் செய்ததால்தான் எல்லாம் என்று ஊரே நம்பியது. நம்பிக்கை என்றால் லேசா, கிணற்றில் தண்ணீர் ஏறி நின்றதே.

அதற்குப் பின்னால் சண்டை முடிந்தது. அப்புறம் ஓர் ஐப்பசி மாதம், தூறல் போட்டுக்கொண்டிருந்த பகல். வாசலில் நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். கரிப்புகை பஸ்ஸில் இருந்து காக்கி உடுப்பில் ஒருவர் இறங்கி, நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். தோளில் சாக்குப்பை, இடுப்பில் கம்பளித் துணி சுற்றிய தண்ணீர்க் குப்பி. எலும்புக்குச் சட்டை மாட்டியது போல இருந்தார். பெரியம்மா அலறி முறத்தைப் போட்டுவிட்டாள். சத்தம் கேட்டு அம்மா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்தார். வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

"ஆருங்க செத்தது?" என்று கேட்டார்.

தோட்டத்தில் இருந்து ஓடி வந்த பெரியப்பா, மண்வெட்டியை இன்னும் கையில் பிடித்தபடி, "நீதான் சாமி" என்றார்.

படகு கவிழ்ந்தது நிஜம். அப்பா கரையேறியதும் நிஜம். கரையில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். சண்டை முடியும்வரை அவனுக்குக் கல் சுமந்து, அப்புறம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாக எழுந்து ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் எதை எழுதிப் போடுவார்?

கருமாதி ஆனவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அப்பாவுக்கு மாட்டுக் கொட்டகையில் இடம். இலையில் சோற்றைப் போட்டுத் தள்ளி வைத்துவிட்டு வருவார்கள். அவர் வந்து எடுத்துக்கொள்வார். தாலி கழற்றிய அம்மா அவர் முன்னால் போனால் இரண்டு பேருக்கும் ஆகாது என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார். அம்மா சமையலறைச் சன்னலில் இருந்து பார்ப்பாள். அவர் சன்னலைப் பார்த்தபடியே சாப்பிடுவார். ஒரே வாசல்தான் நடுவில்.

"இதுக்கு மாத்து இல்லீங்களா?" என்று அப்பா கேட்டதற்கு, "இருக்குது. தை வரட்டும், செய்யலாம்" என்றார் ஊர்ப் பெரியவர். தை வருமுன் எங்கள் வீட்டின் நல்ல காளை வயிறு ஊதிச் செத்தது. ஈரச் சோளத்தட்டைத் தின்றதால் வந்த வினை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று ஊர் முழுக்க வேறு காரணம் பேசியது. யாரும் அப்பாவைப் போகச் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் கொட்டகையில் பை இல்லை.

நாமக்கல் சந்தைப்பேட்டையில் கூரை போட்ட கடைகள் வரிசையாக இருக்கும். சந்தை இல்லாத நாளில் அவை நாய்களுக்கும் போக்கிடம் இல்லாதவர்களுக்கும் சொந்தம். அப்பா அங்கேதான் கிடந்தார். எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். தூக்கத்தில் கத்துகிறாராம், சந்தைப் பையன்கள் 'பேய், பேய்' என்று கல் எறிகிறார்களாம். அம்மா எதையும் கேட்காதது போல அரிசியில் கல் பொறுக்குவாள். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்குவாள்.

அடைமழையில் காய்ச்சல் திரும்பியது. சந்தைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு நீளமான கட்டடம் உண்டு. முன்காலத்தில் தறி ஓடிய இடம். காலராவில் ஆள் இழந்தவர்கள், தோட்டக்காட்டில் இருந்து திரும்பிய கூலிகள், பிள்ளைகள் கைவிட்ட கிழங்கள் எல்லோருக்கும் அங்கே படுக்க இடமும் வேளைக்குக் கஞ்சியும் கிடைக்கும். ஊரில் அதற்குக் கஞ்சிக் கொட்டாய் என்று பெயர். அங்கே போய்விட்டான் என்றால், அவனை இனிமேல் மனுசக் கணக்கில் சேர்க்காதே என்று அர்த்தம். அதன் வாசலில் அப்பா விழுந்து கிடந்தார். அதை நடத்திய உபதேசியாரும் அவர் சம்சாரமும் இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தூக்கிப் போனார்கள்.

படி ஏறக்கூடாது என்று அவர் முனகினாராம். உபதேசியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "எங்க படிக்கு அப்பிடி ஒரு சட்டமும் கிடையாது, பேசாம வாரும்" என்றாராம். இதை அப்பா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்த உபதேசியாரைப் போலவே குரலை மாற்றிக்கொள்வார்.

பெரியப்பா சந்தைக்குப் போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். கஞ்சிக் கொட்டாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே மாட்டை நிறுத்துவார். "போயி உங்கொப்பனப் பாத்துட்டு வா" என்று வேறு பக்கம் பார்த்தபடி சொல்வார். ஒரு தடவை பூசணிக்காய், ஒரு தடவை அவரை என்று என் கையில் எதையாவது திணிப்பார். அவர் மட்டும் வரமாட்டார். அவரை நான் அப்போது வெறுத்தேன். தன் கையால் கொளுத்திய முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வயதில் யார் யோசித்தார்கள்? ஒவ்வொரு சந்தைக்கும் என்னைத் தவறாமல் அழைத்துப் போனவர் அவர்தான் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.

கொட்டாய்க்குள் ஈரச்சுவரும் பழைய நூல் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை. ஒரு மூலையில் ஆர்மோனியம், அதில் இரண்டு கட்டை பேசாது. முதல் தடவை நான் போனபோது அப்பா பந்திக்கு வெளியே, கதவோரம் தட்டோடு உட்கார்ந்திருந்தார். உபதேசியாரம்மா வந்து தட்டைப் பிடுங்கிப் பந்தி நடுவில் வைத்தாள். "தட்டு இங்க இருக்கு. நீரு எங்க உக்காந்தாலும் கஞ்சி இதுலதான்" என்றாள். அப்பா சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

இன்னொரு நாள் உபதேசியார் பந்தியில் இருந்தவர்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். செத்துக் கல்லறையில் வைத்த ஒருவனை ஏசுசாமி பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் எழுந்து வெளியே வந்த கதை. எல்லோரும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கேட்டார்கள். அப்பா மட்டும் குடிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "அந்தாளு ஊட்டுக்குப் போனானுங்களா? போனப்ப சோறு போட்டாங்களா?"

சபையில் சிலர் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. "போட்டாவ. சாமியும் கூட இருந்தாவ, அவனும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டான்" என்றார்.

"ஆருமே பயப்படலீங்களா?"

"பயந்தவனும் இருந்தான். சாமி பயப்படல."

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். வெள்ளத்துக்கும் ஜப்பான்காரனுக்கும் அழாதவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அன்று அழுதார். அதற்கப்புறம் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார ஆரம்பித்தார். செபம் செய்யும்போதுகூடப் பட்டாளத்துக்காரர் முதுகு வளையாது. மார்கழியில் ஞானஸ்நானம் பெற்றார். நான் வீட்டுக்கு வந்து பயந்து பயந்து சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "எந்தச் சாமி அவருக்குச் சோறு போட்டுச்சோ, அந்தச் சாமியவே கும்புடட்டும்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்தார் வேண்டாம் என்று ஏலத்தில் தள்ளிய லாரி ஒன்றை நாமக்கல் மண்டிக்காரர் ஒருவர் எடுத்தார். எடுத்துவிட்டாரே தவிர அதைக் கிளப்பத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. உபதேசியார் அப்பாவை அழைத்துப் போய் நிறுத்தினார்.

"செத்தவன்னு ஊருல சொல்றாங்களே?" என்றார் மண்டிக்காரர்.

"ஆமாங்க" என்றார் அப்பா.

மண்டிக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "செத்தவனுக்குத் தூக்கம் வராதில்ல? ராத்திரி லோடுக்குத் தோதாத்தான் இருக்கும். வண்டிய எடு."

முதல் நாள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் செபம் செய்தார். மண்டிக்காரருக்கு இரண்டும் சம்மதம், வண்டி நிற்காமல் ஓடினால் சரி. ஓடியது. கழுத்தில் துண்டும் காக்கிச் சட்டையுமாக அப்பா லாரியில் உட்கார்ந்து சேலம் சாலையில் போவதைப் பார்த்தேனே, அடடா! கல் எறிந்த அதே சந்தைப் பையன்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். 'எங்கப்பா, எங்கப்பா' என்று நானும் மாட்டு வண்டியில் எழுந்து நின்று கத்தினேன். பெரியப்பா என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆனால் லாரி கண்ணுக்கு மறையும்வரை அவரும் மாட்டை நிறுத்தியே வைத்திருந்தார்.

கொட்டாய்க்குப் பின்னால் இடிந்துபோன ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஒற்றை அறை. உபதேசியார் அதை அப்பாவுக்குக் கொடுத்தார். லோடு இல்லாத நாளில் அப்பா ஓடு மாற்றினார், சுண்ணாம்பு அடித்தார், இரட்டை அடுப்பு போட்டார். எல்லாம் செய்து முடித்துப் பூட்டிவிட்டு, லாரியிலேயே தூங்கினார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "உங்கொம்மா வராம அது ஊடு இல்ல கண்ணு, சும்மா செவுரு" என்றார்.

தை வந்தது. ஊர்ப் பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு கொட்டாய்க்கே வந்துவிட்டார். நானும் வண்டியில் இருந்தேன். மாற்று இதுதான்: செத்தவர் திரும்பப் பிறக்க வேண்டும். பெரிய அண்டாவில் அப்பாவைக் கைக்குழந்தை போல மடக்கி உட்கார வைத்து, வெளியே எடுத்து, குளிப்பாட்டி, காது குத்தி, பெயர் வைத்து, அதே பெண்ணுக்கே மறுபடி தாலி கட்ட வைப்பார்கள். ஊர் சாட்சி. அப்புறம் வீட்டுக்கு வரலாம், தோட்டத்துக்கு வரலாம்.

"ஒண்ணே ஒண்ணு. கஞ்சிக் கொட்டாய்ப் பக்கம் இனி வரப்படாது. இங்க குடிச்சதையும் கும்புட்டதையும் வெளிய சொல்லப்படாது" என்றார் பெரியவர்.

உபதேசியார் அப்பாவைத் தனியாக அழைத்து, "போயிட்டு வாரும். உம்ம சம்சாரமும் பிள்ளையும் முக்கியம். சாமி கோவிச்சுக்க மாட்டாவ" என்றார். இந்தப் பெருந்தன்மையை எத்தனை பேரிடம் பார்க்க முடியும்?

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அவர் வீட்டுக்கு வந்தால் போதும், எத்தனை அண்டாவில் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று இருந்தது. அவர் திரும்பி ஊர்ப் பெரியவர் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"நனைஞ்சு வந்து உழுந்தவனுக்கு ஆரு கதவத் தொறந்தாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அதச் சொல்லாதேன்னா, நான் அந்த ஆத்துலயே போயிருக்கலாமுங்க. மார்கழியிலயே தண்ணியில முங்கி எந்திரிச்சுட்டேன். மறுபடி மறுபடி பொறக்க என்னால ஆகாதுங்க."

"அப்ப உம்பொண்டாட்டி?"

"அவ இஷ்டமுங்க" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து பெரியப்பா பெரியம்மாவிடம் சொல்ல, அம்மா அதைச் சமையலறையில் இருந்து கேட்டாள். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருசனின் அண்ணன் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பது எங்கள் வீட்டுப் பெண்களின் பழக்கம். அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை.

மாசியில் மஞ்சள் அறுப்பு. எங்கள் வாசலிலேயே கொப்பரை வைத்து மஞ்சளை வேகவைப்பார்கள். அந்த மண்வாசனையும் ஆவியும் ஒரு மாதத்துக்கு உடம்பை விட்டுப் போகாது. அம்மா முகத்தில் மஞ்சள் பூசக்கூடாது, ஆனால் விடிந்ததில் இருந்து பொழுது போகும்வரை மஞ்சள் வேகவைக்கலாம். அந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊர் மஞ்சளை ஏற்றிப் போக மண்டிக்காரர் லாரியை அனுப்பினார். லாரி வரலாம், ஓட்டுகிறவன் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஏற்பாடு. ஊருக்கு வெளியே குளத்துமேட்டில் அப்பா லாரியை நிறுத்தி ஆரன் அடிப்பார். மூட்டைகள் மாட்டு வண்டியில் அங்கே போகும். ஆரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் கையில் இருக்கும் துடுப்பு ஒரு நிமிசம் நிற்கும்.

ஒரு நாள் காலை அம்மா தன்னுடைய மாற்று வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து, துவைப்பது போல, கொப்பரைத் தண்ணீரில் முக்கினாள். துடுப்பால் அழுத்தி, நன்றாகப் புரட்டி, பிழிந்து, காய்கிற மஞ்சளோடு மஞ்சளாக வாசலில் விரித்தாள். வாசல் முழுக்க மஞ்சளாகத்தான் கிடந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

மத்தியானம் ஆரன் அடித்தது. அம்மா உள்ளே போனாள். வெளியே வந்தபோது அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள். சில இடத்தில் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்திருந்தது. முகத்திலும் மஞ்சள். என் கையைப் பிடித்தாள். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா கொப்பரையை விட்டு எழுந்து குறுக்கே வந்து நின்றார்.

"அம்மிணி, ஊரு என்ன பேசும்?"

அம்மா ஒதுங்கவில்லை. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அவருக்குக் கொள்ளி வெச்சீங்க. தெரியாமச் செஞ்சீங்க, உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. ஆனா உசுரோட இருக்கறவருக்கு நான் எத்தன நாளைக்குத் தாலியறுத்தவளா இருப்பேன்?"

பெரியப்பா வழியை விட்டு நகர்ந்துகொண்டார். நாங்கள் தாண்டியதும் பின்னால் இருந்து, "புள்ளைக்கு வெயிலு படப் போகுது, முந்தானையப் போத்திக் கூட்டிட்டுப் போ" என்று அவர் குரல் கேட்டது.

பட்டப்பகலில் தெருவின் நடுவே நடந்தோம். ஊர்க் கிணற்றடியில் பெண்கள் குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர்ப் பெரியவர் வேப்பமரத்தடியில் இருந்து எழுந்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். அம்மா நடையைத் தளர்த்தவில்லை. அந்த நடையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

அப்பா லாரியின் முன்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். தண்ணீர் நிரம்பி வழிந்து காலில் கொட்டியது, அவருக்குத் தெரியவில்லை. டப்பாவைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். குதிகாலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, பட்டாளத்தில் பெரிய துரைக்கு அடிப்பார்களே, அப்படி ஒரு சல்யூட் அம்மாவுக்கு அடித்தார்.

எங்கள் ஊரில் பெண்டாட்டிக்கு சல்யூட் அடித்த ஆம்பளை அவர் ஒருவர்தான். அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது.

அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "ஊரு பூராம் பாக்குதுங்க. வண்டிய எடுங்க" என்றாள்.

அப்பா கதவைத் திறந்து அம்மாவை ஏற்றினார். என்னைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தார். ஸ்டியரிங்கில் ஒரு நிமிசம் நெற்றியை வைத்து எடுத்தார். லாரி உறுமியது.

"எங்கப்பா போறோம்?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு, சாமி" என்றார்.